இடப்பக்கம் மூன்று குத்து

நான் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறேன். எல்லாம் அரசாங்கச் சம்பளத்துக்குத்தான். கழுத்தை நெரித்தார்கள், தலையில் அம்மிக்கல்லைப் போட்டார்கள், கிணற்றில் தள்ளினார்கள், ஒருமுறை உயிரோடு கொளுத்தினார்கள். முதல் இருபது சாவு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் பிறகு காய்ச்சல் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. போன வருஷம் மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வந்து தோளைத் தொட்ட சர்வரின் மூக்கை உடைத்துவிட்டேன். பாவம், இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்க வந்தவர். என் மனைவி அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டாள். தூக்கத்தில் நான் அவள் கழுத்தைப் பிடித்தது இரண்டாம் தடவையானபோது பெட்டியைக் கட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

என் பெயர் திருவாழி. திருநெல்வேலி அகநோக்கு நிலையத்தில் மூத்த அகநோக்கர். ஆபத்தான வேலை பார்க்கிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு வைப்பார்கள் அல்லவா, அதில் ஆள் சாகும் கடைசி நான்கு நிமிஷம் பதிந்திருக்கும். பார்த்ததும் கேட்டதும் பதியாது. உடம்பில் பட்டது மட்டும்தான் பதியும். தொழிலாளிகள் அதற்குக் காதரிசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாய்க்கரிசிக்கு முன்னால் போடுகிற அரிசி. அந்தப் பதிவை என் உடம்பில் ஏற்றுவார்கள். நான் அந்த நான்கு நிமிஷத்தைச் சாவேன், பிறகு எழுந்து எழுதுவேன். அதைக் கோர்ட் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் எஸ்தர் பாக்கியம் வந்தபோது வாசலில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் முதல் மனவியல் ஆய்வுக்கூடம் தொடங்கி இருநூறு வருஷம். திங்கட்கிழமை விழா. எனக்கும் ஒரு கேடயம் உண்டு என்று காதில் போட்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு இசக்கிராஜாவத் தூக்குல போடுதாங்க சார்" என்றார் எஸ்தர். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இசக்கிராஜாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனி வெடித்து எரிந்தது. உள்ளே கொம்பையா என்ற தொழிலாளி கரிக்கட்டையாகக் கிடந்தான். உயிரோடு வெளியே ஓடி வந்தவன் இசக்கிராஜா. காலையில் இருவருக்கும் கைகலப்பு. "குத்திப் போட்டுருவேம்ல" என்று அவன் கத்தியதை நான்கு பேர் கேட்டிருந்தார்கள். கருகிய உடம்பில் காயத்தைத் தேட வழியில்லை. மிச்சம் இருந்தது காதரிசி ஒன்றுதான். நான்தான் செத்துப் பார்த்தேன். 'இடப்பக்கம் மூன்று குத்து. கருவி: கத்தி' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"எனக்கு இல்ல சார், ஐகோர்ட்டுக்கு. மூணு அரிசி கொண்டாந்திருக்கேன். அதுல ஒண்ணு கொம்பையாவோடது. எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க மூணையும் இன்னைக்கே எழுதித் தரணும். பழைய அறிக்கையும் புதுசும் ஒத்துப்போச்சுன்னா அவன் தொங்குவான். ஒத்துப்போகலைன்னா தண்டனைய நிறுத்தி வைப்பாங்க."

"அப்போ தொங்கிருவான்" என்றேன். திமிராகச் சொல்லவில்லை. எனக்கு அது அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

ஒரு நாளைக்கு மூன்று சாவுதான் எங்கள் விதி. என்னோடு வேலை பார்த்த சுடலைமாடன் ஒரே நாளில் ஐந்து சாவுக்கு உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் தன் கழுத்தைத் தானே பொத்திக்கொண்டு படுத்திருக்கிறார். விதிப்படி அறைக்குள் ஒரு போலீஸ் அதிகாரி மட்டும் இருக்கலாம். எஸ்தர்தான் என்னை நாற்காலியில் வைத்து வார் போட்டார்.

"செருப்போட உள்ள வந்துட்டேன் சார், மன்னிச்சிக்கிடுங்க. குளத்தங்கரைல இருந்து நேரா வாரேன், பூராம் சேறு" என்று காலைத் தரையில் தேய்த்தார். பரவாயில்லை என்றேன். பதிவு ஓடத் தொடங்கியது.

முகத்தில் குளிர் அறைந்தது. மூக்கிலும் வாயிலும் ஒரே நேரத்தில் ஏறியது. இழுத்த மூச்சு நெஞ்சுக்குப் போகவில்லை, தொண்டையில் நெருப்பாக நின்றது. பிடரியை யாரோ பிடித்து அழுத்துகிறான். சேற்றில் முட்டி புதைகிறது. ஒரு நொடி வெளியே விட்டான், மறுபடி அழுத்தினான். இடப்பக்க விலாவில் அவன் முழங்கால் இறங்கியது. ஒன்று. எலும்பு விட்டது. இரண்டு. மூன்றாவது இறங்கியபோது வாய்க்குள் சூடாக என்னவோ வந்து தண்ணீரோடு கலந்தது. நகத்தால் கரையைப் பிராண்டினேன். காதுக்குள் ரத்தம் அடிக்கிற இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

வெளியே வந்தபோது இடது கை வார் அவிழ்ந்திருந்தது. எஸ்தர் கீழுதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடித்ததுதான். மன்னிப்புக் கேட்டேன். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "எழுதுங்க சார்" என்றார்.

எழுதினேன். எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் 'உணர்ச்சி'. அதில் பதினான்கு சொற்களைத் தவிர வேறு சொல் எழுதக் கூடாது. குளிர், சூடு, எரிச்சல், அழுத்தம், அடைப்பு, ஈரம், குத்து, இப்படி. இரண்டாம் கட்டம் 'கருவி'. அதில் 'கை, குளத்து நீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மணி நேர ஓய்வில் எஸ்தர் கேட்டார்: "அது ஏன் சார் பதினாலு சொல்லு? நடந்தத நடந்தபடி எழுதுனா என்ன?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவன் நான்.

"இருநூறு வருஷம் முன்னால ஜெர்மனில லைப்சிக்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சது இது. மனசுக்குள்ள நடக்கிறத அளக்கணும்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஆளை உக்கார வச்சு, ஒரு சத்தத்தக் கேக்க வச்சு, உனக்குள்ள என்ன ஆச்சு, சொல்லுன்னு கேட்டாங்க. அதுக்கு ஆயிரக்கணக்குல பயிற்சி. உன் கையில ஊசி குத்துனா நீ 'ஊசி'ன்னு சொல்லக் கூடாது. ஊசி வெளிய கிடக்கிற பொருள். உனக்குள்ள வந்தது குத்து மட்டும்தான். பொருளோட பேரச் சொல்றது எங்க தொழில்ல பெரிய தப்பு. பொருட்பிழைன்னு பேரே இருக்கு."

"பிறகு?"

"பிறகென்ன, ஒரு ஆய்வுக்கூடத்துல உள்ள ஆளு ஒண்ணு சொன்னான், இன்னொரு ஊர்ல உள்ளவன் அது இல்லவே இல்லைன்னான். ரெண்டு பேரும் உள்ளதான் பாத்தாங்க. யார் சரின்னு எப்படித் தீர்க்கிறது? மனசே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு எலியப் பிடிச்சாங்க. நாய்க்கு மணி அடிச்சாங்க. ஒரு கைக்குழந்தைகிட்ட வெள்ளை எலிய விட்டு, அது தொடப் போறப்பல்லாம் பின்னால இரும்புக் கம்பில சுத்தியலால அடிச்சாங்க, எலியப் பாத்தாலே அலறணும்னு. அலறுச்சு. அது வெற்றின்னு எழுதி வச்சாங்க. ஆஸ்பத்திரில கண்ணுக்குழி வழியா ஊசி மாதிரிக் கம்பிய இறக்கி மூளையக் கிண்டுனவங்களும் உண்டு. கிண்டுனதுக்கு அப்புறம் நோயாளி அமைதியாயிட்டான்னு அதையும் வெற்றில சேத்தாங்க."

"எங்க ஸ்டேஷன்ல அடிக்கிறதே தேவல போலிருக்கே சார்" என்றார் எஸ்தர்.

"அதான் சொல்லுதேன். இப்போ காதரிசி வந்ததுக்கு அப்புறம்தான் மறுபடி உள்ள பாக்க முடிஞ்சுது. இந்தத் தொழில்ல கையில ரத்தம் படாம இருக்கிறவங்க நாங்க மட்டும்தான்."

அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாவதுக்கு வார் போடும்போது அவருடைய போன் அடித்தது. "லாரிய விட்டுட்டு ஓடிட்டானா? கிளீனரையாவது பிடிங்கய்யா" என்று சொல்லி வைத்தார். விதிப்படி போனை வெளியே வைத்திருக்க வேண்டும். உதட்டுக்கு அது ஈடு என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை ரோட்டில் கிடந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது, புகை மூக்கில் ஏறித் தொண்டையை எரித்தது. நெஞ்சின் மேல் என்னவோ ஏறி நின்றது. டயர். நகர்ந்தது. இடப்பக்க விலாவில் முதல் சக்கரம், எலும்பு உள்ளே திரும்பிக் குத்தியது. இரண்டாவது சக்கரம். மூன்றாவது ஏறியபோது வாயிலிருந்து சூடாகக் கொட்டியது. மூச்சை இழுக்க நெஞ்சு எழும்பவில்லை. இன்ஜின் இரைச்சல் காதை நிறைத்தது. டிரைவர் ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏற்றினான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவனைக் கொல்ல வேண்டும் என்ற வெறியோடு கண்ணைத் திறந்தேன்.

'கருவி: கனரக வாகனம்.' கையெழுத்து.

டீ வந்தது. எஸ்தர் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "கருவின்னு ஒரு கட்டம் இருக்கே சார். அது பொருள்தானே? நீங்க சொன்ன அந்தப் பொருட்பிழை இதுதானே?"

நல்ல கேள்வி. எனக்குப் பிடிக்கவில்லை. "கோர்ட் கேட்டுச்சு, சேத்தோம். குளிர், குத்துன்னு எழுதிக் குடுத்தா நீதிபதி என்ன செய்வாரு? மத்த அகநோக்கர்கள் அந்தக் கட்டத்தக் காலியா விட்டுருவாங்க. நான் ஒருதடவகூட விட்டதில்ல. அனுபவம்மா. ஆளு மாறுனாதான் அறிக்கை மாறும். எனக்கு மாறாது."

"வெளிய இருந்து யாரும் உங்க மனசக் கலைக்க முடியாதா?"

சிரித்தேன். அந்தக் குதிரைக் கதையை அவருக்குச் சொன்னேன். பெர்லினில் ஒரு குதிரை கணக்குப் போட்டது. ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் குளம்பால் பன்னிரண்டு தட்டும். ஊரே வாயைப் பிளந்தது. கடைசியில் ஒரு மனவியல்காரன் கண்டுபிடித்தான். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை கடுகளவு அசைகிறது, குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. அசைகிறோம் என்பது கேட்டவருக்கே தெரியாது. "குதிரைக்குப் பயிற்சி கிடையாது. எங்களுக்குப் பத்தாயிரம் தடவை" என்று முடித்தேன்.

மூன்றாவதுக்கு முன் எஸ்தர் பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து, சின்னக் கத்தியால் தோலைச் சீவிக்கொண்டே வாரை இறுக்கினார். பசிக்கிறதாம். எனக்கும் ஒரு சுளை கொடுத்தார். புளிப்பு.

இது கொம்பையா. முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. முகத்தில் ஐஸ் கம்பெனியின் குளிர். மூச்சு அடைத்தது, அவன் கையால் என் வாயைப் பொத்துகிறான். தொண்டை எரிந்தது. பிறகு இடப்பக்கம் குத்து. இழுத்தான். இரண்டாம் குத்து, பிடி வரைக்கும். மூன்றாவதைக் குத்திவிட்டுத் திருகினான். விலாவின் வழியாகச் சூடான ஈரம் இடுப்புக்கு இறங்கியது. முட்டி மடங்கியது. காதில் இரைச்சல். கத்தியின் அகலம்கூடத் தெரிந்தது எனக்கு.

நான்கு வருஷத்துக்கு முன் எழுதியதையே எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அதே. கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினேன். "தொங்குவான்மா" என்றேன்.

எஸ்தர் மூன்று படிவங்களையும் உறையில் போட்டு ஒட்டினார். அப்புறம் மேசையில் ஒரே ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். உள்ளே ஒரே ஒரு அரிசி.

"மூணும் ஒண்ணுதான் சார்."

எனக்குப் புரியவில்லை.

"மூணு தடவையும் போட்டது கொம்பையா அரிசிதான். நீதிபதிகிட்ட அனுமதி வாங்கித்தான் பொய் சொன்னேன்."

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அவர் முதுகு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. என் இரண்டு கட்டைவிரலும் அவர் குரல்வளையில் இருந்தன. இருநூறு பேர் எனக்குச் சொல்லிக் கொடுத்த இடம், சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது. அவர் முகம் கறுத்தது. இடுப்பில் துப்பாக்கி இருந்தும் கையைக் கொண்டுபோகவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு வாசனை வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அவர் சரிந்து உட்கார்ந்து இருமினார். நானும் தரையில் உட்கார்ந்தேன். இருமல் நின்றதும் உடைந்த குரலில் அவரே பேசினார்.

"முதல்ல சேறு. அடுத்து லாரி, அந்தப் போன நான்தான் அடிக்கச் சொன்னேன். கடைசில கத்தி. நான் வேற ஒண்ணும் செய்யல சார். உங்க உடம்புல பட்டது மூணு தடவையும் ஒண்ணுதான். படம் நீங்க போட்டது."

"பழைய அறிக்கை?" என்றேன். "அன்னைக்கு என் முன்னால யாரும் கத்திய வச்சு ஆரஞ்சு உரிக்கலையே."

"அன்னைக்கு டீ கொண்டுவந்த எஸ்.ஐ. அம்மா ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"டம்ளர வச்சிட்டு, 'குத்துக் கேஸாம் சார், சீக்கிரம் முடிச்சிரலாம்'னு சொன்னா. சும்மா வாய்ப்பேச்சுக்குத்தான் சொன்னா. நீங்க 'குத்து'ன்னு எழுதுனீங்க. உங்க பட்டியல்ல அது சரியான சொல்லுதான், தப்பே இல்ல. நெஞ்சு குத்துனாலும் குத்துதான், கத்தியால குத்துனாலும் குத்துதான். அடுத்த கட்டத்துல கத்தின்னு போட்டுட்டீங்க." கழுத்தைத் தடவிக்கொண்டார். "அந்த எஸ்.ஐ. நான்தான் சார். போன மாசம் ஜெயில்ல அவனப் பாத்தேன். 'நான் குத்தலக்கா'ன்னு மட்டும் சொன்னான். அதுல இருந்து தூக்கம் இல்ல."

கேள்வி கேட்டது அவர். குளம்பைத் தட்டியது நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"இன்னொருதடவை போடுங்க" என்றேன்.

"நாலாவது சார். விதி மூணுதான்."

"போடுங்கம்மா. நாற்காலியச் சுவத்தப் பாக்கத் திருப்புங்க. அந்தத் தோல எடுத்து வெளிய போடுங்க. செருப்பக் கழட்டுங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க."

பேசவில்லை. வார் இறுகியது. வெள்ளைச் சுவர்.

குளிர். எரிச்சல். அடைப்பு. கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல். நெஞ்சில் அழுத்தம். நான் ஆளைத் தேடினேன். பிடரியில் கை வரவில்லை. வாயைப் பொத்தியவன் வரவில்லை. இடப்பக்கம் குத்து. குத்து. குத்து. மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்றுகூட. சூடு. ஈரம். இரைச்சல். கொல்ல ஒருவனும் இல்லாத இடத்தில் நான் செத்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பதினைந்து சாவில் ஒன்றிலும் இவ்வளவு பயந்ததில்லை. மற்றதில் எல்லாம் வெறுக்க ஓர் ஆள் இருந்தான். யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வேன் என்று இருந்தது. எஸ்தர் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். கருவி என்ற கட்டத்தில், என் உத்தியோகத்தில் முதல் முறையாக, 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

எஸ்தர் அதை இரண்டு தடவை வாசித்தார். "ஐஸ் போடுற அமோனியாக் குழாய் வெடிச்சு, அந்த வாயு மூச்ச அடைச்சிருக்கலாம்னு தீயணைப்புக்காரங்க அன்னைக்கே எழுதியிருந்தாங்க. உங்க அறிக்கை இருக்கும்போது அத யாரு புரட்டுவா."

"அவன் தப்பிச்சிருவானா?"

"தூக்கு நின்னுரும் சார். இந்த நாலு தாளும் போதும். நீதிபதி சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காரு."

அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. பையின் அடியில் இன்னும் என்னவோ இருந்தது. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"உங்க அறிக்கைய நம்பி இதுவரைக்கும் தூக்குல போட்டது பதினோரு பேர்" என்றார். "அவங்க கேஸ் அரிசி பதினொண்ணும் எடுத்துட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு இனி ஒண்ணும் ஆகப் போறதில்ல. நான் கேக்கவும் இல்ல. காட்டணும்னு தோணுச்சு."

பதினொரு குப்பிகளை வரிசையாக மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கேஸ் நம்பர். ஒவ்வொன்றிலும் நான் எழுதிய கருவி எனக்கு மனப்பாடம். கயிறு, அரிவாள், தலையணை, கல். யார் எனக்கு டீ கொண்டுவந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் ஒன்றிலும் ஞாபகம் இல்லை. வெளியே சீரியல் லைட்டைப் போட்டுப் பார்த்தார்கள், சன்னலில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி விழுந்தன. ஐந்தாவதோடு விழுந்த சுடலைமாடனின் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போனது.

"அந்தத் தாளெல்லாம் ஒரு கான்ஸ்டபிள்கிட்ட முதல்ல கோர்ட்டுக்குக் குடுத்தனுப்புங்க" என்றேன்.

வாசலில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நிற்கட்டும் என்று விட்டேன்.

"முதல் குப்பியப் போடுங்க. நம்பர் சொல்லாதீங்க."

எஸ்தர் வாரை இறுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.